எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம்

மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. போர்ட் கிள்ளான் கிடங்குகளுக்கு முன்னால் லோரிகள் வரிசை பிடித்து நின்றன. அய்யாவுவின் லோரி நாலாவது. மாவு மூட்டைகளின் மேல் போர்த்தியிருந்த கன்வாஸ் விடிந்ததிலிருந்து மழையைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதை இழுத்து மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். லோரியில் கூட வரும் உதவியாளான கெலிண்டான் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. கிடங்கு மேஸ்திரி சீக்கிரம், சீக்கிரம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அய்யாவு தானே மூட்டைகளின் மேல் ஏறினார். குனிந்து, கன்வாஸின் நடுவைச் சேர்த்துப் பிடித்து, ஒரு இழுப்பு இழுத்தார்.

இடுப்பில் ஏதோ ஒன்று விட்டுப்போனது. சத்தம் காதில் கேட்டதா, உடம்புக்குள்ளேயே கேட்டதா என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம்தான். அப்படியே மூட்டையின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். பின்னால் நின்ற லோரியிலிருந்து தம்புசாமி இறங்கி ஓடிவந்து, "என்னா அண்ணே, வழுக்கிட்டீங்களா?" என்று கேட்டபோது பதில் சொல்ல மூச்சு வரவில்லை. இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரைக்கும் சூடான கம்பியை உருவினாற்போல் ஒரு வலி ஓடியது. மூன்று பேர் சேர்ந்து அவரைக் கீழே இறக்கினார்கள்.

இது நடந்தது எண்பத்தெட்டாம் வருடம், சீனப் பெருநாள் முடிந்த வாரம். அய்யாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இருபது வருடமாக லோரிதான் ஓட்டிவந்தார். அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது மகள் பிறந்தபோது ஒருமுறை மட்டுமே.

கம்பெனித் தொழிலாளர்கள் போவதற்கென்று கிள்ளானில் ஒரு கிளினிக் இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கவுண்டரில் இருக்கும் பெண் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். தாள் ஆங்கிலத்தில் இருக்கும், அவள் ஆள் பார்த்துத் தமிழிலோ மலாயிலோ கேட்டு எழுதிக்கொள்வாள். அன்று கவுண்டரில் இருந்தது தம்புசாமியின் மூத்த மகள். அய்யாவு அவளைத் தொட்டிலில் பார்த்தவர். எங்கே வலி, எப்போதிலிருந்து, தும்மினால் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றாள். மூத்திரம், மலம் போவதில் கோளாறு உண்டா என்பது கேள்வி. அப்பாவின் சிநேகிதரிடம், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை எப்படிக் கேட்பது?

"வயிறெல்லாம் சரியா இருக்கா அங்கிள்?" என்றாள்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லம்மா. முதுகுதான்."

அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். அன்றைக்கு அது உண்மையான பதிலும்கூட.

டாக்டர் ஊசி போட்டு, சதைப்பிடிப்பு என்று சொல்லி, எம்.சி. என்று மூன்று நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தார். அய்யாவு நான்காம் நாள் லோரியில் ஏறினார். கிளட்ச்சை மிதித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடி கிளினிக், மறுபடி ஊசி. மூன்றாவது தடவை போனபோது டாக்டர் அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து இடது காலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண் உயரத்துக்கு மேல் கால் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு கடிதம் எழுதி ஒட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அய்யாவுவின் மனைவி ராஜம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்பவள். மேலதிகாரியிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு அவருடன் போனாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு நம்பர் வாங்கி, பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் போனார்கள். இளம் மலாய் டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, நிதானமாக மலாயில் விளக்கினார். முதுகெலும்பில் ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கும். அதன் பெயர் டிஸ்க். அது பிதுங்கி வெளியே வந்து, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மெத்தை தெரியாது.

"அதைத் திரும்ப உள்ள தள்ள முடியாதா டாக்டர்?" என்று ராஜம்மா மலாயில் கேட்டாள்.

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். தள்ள முடியாது. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஓய்விலேயே வலி குறைந்துவிடும். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். சிலருக்கு இடுப்பில் எடை கட்டி இழுத்து வைப்பார்கள். சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். யாருக்கு எது என்று தெரிய, முதுகில் மருந்து செலுத்தி ஒரு விசேஷ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்; அதற்குக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு நிபுணரிடம் போக வேண்டும். அவர் ஒரு கடிதம் எழுதினார். மே மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை என்று கார்டில் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஒன்பது வாரம் இருந்தது.

எழுந்து வரும்போது டாக்டர் சொன்னார்: "மோசமானால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வந்துவிடுங்கள்."

மோசம் என்றால் வலி கூடுவது என்றே அய்யாவு எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வாரமும் அவர் முன்னறையில், தரையில் விரித்த பலகையின் மேல் படுத்துக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கம்பெனி முதலாளியான தவ்கே ஒரு சீன மருந்துப் பட்டையைக் கொடுத்தனுப்பினார். ஒட்டிய இடம் வெந்துபோனதுதான் மிச்சம். தம்புசாமி வாரத்துக்கு இருமுறை வந்து, தன் சித்தப்பா மகனின் கதையைச் சொன்னான். அவனுக்கு முதுகில் ஆபரேஷன் செய்தார்கள்; அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

"முதுகுல மட்டும் கத்தி வைக்க விட்டுடாதீங்க அண்ணே. அங்கதான் எல்லா நரம்பும் ஓடுது."

"டாக்டர் ஆபரேஷன்னு இன்னும் சொல்லவே இல்லலா."

"இங்க சொல்ல மாட்டானுங்க. கேஎல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா விட மாட்டானுங்க."

ராஜம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே உள்ளே சமைப்பாள். அவளுக்கும் ஆபரேஷன் பயம்தான். ஆனால் டாக்டர் கொடுத்த கடிதத்தின் பழுப்பு உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து அலமாரியின் மேல் வைத்திருந்தாள். தேதி வந்தால் போகத்தான் வேண்டும் என்பதில் அவளுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்புசாமி வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். கேரி தீவில் கன்னையா என்று ஒருவர் இருக்கிறார், நீவி நரம்பு எடுத்துவிடுகிறவர், எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறார் என்றான். ராஜம்மா வேலைக்குப் போயிருந்தாள். அய்யாவு யோசித்துப் பார்த்தார். இவ்வளவு நாள் படுத்துக் கிடந்தும் வலி போகவில்லை, கோலாலம்பூர் போனால் கத்தி. வேனில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

கன்னையா மோசமான ஆள் இல்லை. எண்ணெயைச் சூடு பண்ணித் தடவி, வெகு நேரம் பொறுமையாகத்தான் நீவிவிட்டார். கடைசியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோளையும் பிடித்துப் பின்னுக்கு வளைத்தார். அய்யாவு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. "அவ்வளவுதான், உக்காந்துடுச்சு," என்றார் கன்னையா.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது காலில் வலி இல்லை. அய்யாவு நம்பாமல் எழுந்து நின்றார், நடந்தார். மூன்று மாதமாகக் கூடவே இருந்த வலி எங்கோ போய்விட்டிருந்தது. கால் கொஞ்சம் மதமதவென்று இருந்தது. வலியே போய்விட்டபோது அது ஒரு பெரிய விஷயமா?

"கோலாலம்பூர் இனி எதுக்கு ராஜம்மா? போயிடுச்சுல்ல."

"போயிடுச்சுன்னு அந்த டாக்டர் சொல்லட்டும்," என்றாள் அவள். தன்னிடம் கேட்காமல் கேரி தீவு போனதில் அவளுக்குக் கோபம். "அண்ணன் வீட்டுல சனிக்கிழமையே போய் இருந்துக்குவோம். செவ்வாய்க்கிழமை அங்கேர்ந்து கிட்ட."

ராஜம்மாவின் அண்ணன் சின்னையா ரயில்வேயில் பிட்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். சனிக்கிழமை தம்புசாமியே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

அய்யாவு அன்று காலையில் வீட்டில் ஒருமுறை ஒண்ணுக்குப் போனதோடு சரி. சின்னையா வீட்டுக்கு வந்த பிறகு மூன்று தடவை கழிவறைக்குப் போய் நின்றார். சொட்டுச் சொட்டாக ஏதோ வந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் விழுங்கிய வலி மாத்திரைகளின் சூடு என்று நினைத்தார். மரநாற்காலியில் உட்கார்ந்தபோது கீழே யாரோ துணியை மடித்து வைத்திருப்பதுபோல் இருந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தார், துணி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கும்போது தொடைகளுக்கு நடுவே தண்ணீர் படுவதே தெரியவில்லை. சோப்புப் போட்ட தன் கையே வேறு யாருடைய உடம்பின் மேலோ போவதுபோல் இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? மச்சானிடமா? ராஜம்மாவிடம் சொன்னால் கேரி தீவுப் பேச்சு திரும்பக் கிளம்பும். அதைவிட, ஒரு ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். டாக்டரிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

பசியாறிவிட்டு, காலாற நடந்தால் சரியாகும் என்று வாசலில் இறங்கி, வரிசை வீடுகளின் முன்னால் நடந்தார். கோயிலுக்குப் போய்விட்டு எதிரே வந்துகொண்டிருந்தார் நேசம்மா. சின்னையா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, தம்பி குடும்பத்தோடு இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் இருபத்தாறு வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவர். அய்யாவுவைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பினார்.

"தம்பி, உங்கட செருப்பு ஒண்டு அங்கை கிடக்குது."

அய்யாவு கீழே பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. இருபது அடிக்குப் பின்னால், சாக்கடை ஓரமாகக் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் நடந்து வந்ததும் தெரியவில்லை.

நேசம்மா அந்தச் செருப்பைத் தானே எடுத்துவந்து போட்டு, அவரைச் சின்னையா வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். ராஜம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"கால்விரலை மேல தூக்குங்கோ. ரெண்டு காலும்."

வலது கால் தூக்கியது. இடது பாதம் தொங்கியபடியே இருந்தது. நேசம்மாவின் முகம் மாறவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

"தம்பி, சலம் ஒழுங்காப் போகுதோ?"

அய்யாவுக்குப் புரியவில்லை. "சளியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"சளி இல்லை. ஒண்டுக்கு. ஒண்டுக்குப் போறியளோ?"

அவர் ராஜம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் ஆயிரம் ஆம்பிளையளுக்கு டியூப் போட்டனான். வெக்கப்பட இதில ஒண்டும் இல்லை. கடைசியா எப்ப வடிவாப் போனியள்?"

"நேத்து காலையில."

"என்னாங்க சொல்றீங்க?" என்றாள் ராஜம்மா.

"இருக்கிற இடம் மரத்துப் போச்சோ?"

"துணி மடிச்சு வச்சு உக்காந்த மாதிரி இருக்குக்கா. மாத்திரையினாலன்னு நெனச்சேன். வலிகூட இல்ல, பாருங்க. போயிடுச்சு."

"வலி நிண்டதுதான் கூடாது," என்றார் நேசம்மா. "நரம்பு முழுசா நசிபடுது. அதுதான் வலியும் தெரியேல்லை, ஒண்டும் தெரியேல்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கேலாது. இப்பவே போகோணும்."

ராஜம்மா உள்ளே ஓடிப் பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். "அக்கா, இந்தக் கடிதத்தைப் பிரிச்சுப் பாருங்க. இதுல எழுதியிருப்பாங்கல்ல?"

நேசம்மா உறையை வாங்கவில்லை. "கடிதம் எழுதேக்க இவருக்கு இது இல்லை. அதால கடிதத்தில இது இராது. நீங்கள்தான் வாயால சொல்லோணும். கவுண்டரில கார்டைப் பாத்திட்டு செவ்வாய்க்கிழமை வாங்கோ எண்டுதான் முதல்ல சொல்லுவினம். விடாதேங்கோ. நேத்துக் காலையில இருந்து சலம் போகேல்லை, இருக்கிற இடம் மரத்துப் போச்சு, கால் விழுந்து போச்சு. இந்த மூண்டையும் சொல்லுங்கோ. மலாயில சொல்லுவியளோ?"

"சொல்வேன்," என்றாள் ராஜம்மா.

சின்னையா தெருமுனைக்குப் போய் டெக்சி பிடித்து வந்தார். போகும் வழியெல்லாம் ராஜம்மா மலாய் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேசம்மா சொன்னபடியேதான் ஆனது. அவசரப் பிரிவில் கூட்டம். கவுண்டரில் இருந்தவர் கார்டைப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் நிபுணரிடம் தேதி இருக்கிறதே என்றார். ராஜம்மா கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த மூன்றையும் சொன்னாள். மூத்திரத்துக்கு மலாயில் 'கென்சிங்'; அந்த வார்த்தையை அவள் அவ்வளவு உரக்கச் சொல்வாள் என்று அய்யாவு எதிர்பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கவுண்டர்க்காரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் தள்ளுவண்டி வந்தது.

உள்ளே ஒரு டாக்டர் ஊசிமுனையால் அவர் தொடை, பிட்டம் எல்லாம் குத்திக்கொண்டே, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடங்களில் தெரியவில்லை. டியூப் போட்டதும் பை நிரம்பிக்கொண்டே போனது. ஒரு லிட்டருக்கு மேல். இவ்வளவு வைத்துக்கொண்டு வலி தெரியவில்லையா என்று அந்த டாக்டர் கேட்டார். இல்லை என்றார் அய்யாவு. டாக்டர் யாருக்கோ போன் செய்யப் போனார்.

முதுகில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து முடித்தபோது மதியம் இரண்டு மணி. எலும்பு நிபுணர் டாக்டர் ஹாலிம் வீட்டிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். படத்தைக் காட்டினார். வெள்ளையாக இறங்கிவந்த மருந்து, இடுப்பருகே ஒரு இடத்தில் வெட்டினாற்போல் நின்றிருந்தது.

"மெத்தையில் பெரிய துண்டு உடைந்து முழுப் பாதையையும் அடைத்திருக்கிறது," என்று மலாயில் சொன்னார். "ஓய்வு, எடை கட்டுவது, மாத்திரை, இதெல்லாம் நேற்று வரைக்கும் யோசித்திருக்கலாம். இன்றைக்கு ஆபரேஷன்தான். செய்யாவிட்டால் சிறுநீர் திரும்பத் தானாகப் போகுமா என்பது சந்தேகம்."

"செஞ்சா?" என்று ராஜம்மா கேட்டாள்.

"போவதற்கு வாய்ப்பு இருக்கிறது. உறுதி சொல்ல மாட்டேன். இடது பாதத்தில் அசைவு திரும்ப வரலாம், வராமலும் போகலாம்."

அய்யாவுக்குத் தம்புசாமியின் சித்தப்பா மகன் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னார். முதுகில் கத்தி வைத்து, காலை இழுத்து நடக்கிற ஒருவர் இருக்கிறார் என்று.

டாக்டர் ஹாலிம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவர் கால் இழுத்ததா என்று கேட்டீர்களா?"

அய்யாவு அதைக் கேட்டதில்லை.

"உங்கள் கால் இப்போதே விழுந்துவிட்டது. இன்னும் கத்தி வைக்கவில்லையே."

ராஜம்மா எவ்வளவு நேரம் ஆகும், முதுகில் எந்த இடம், மயக்கம் எப்போது தெளியும் என்று கேட்டாள். மூன்றுக்கும் பதில் சொன்னார். அய்யாவு தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். லோரிச் சரக்குச் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து, கோணலாக வந்தது. நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஏழு மணிக்கு வெளியே வந்த நர்ஸ், துண்டை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். ராஜம்மா அதுவரை சாப்பிடாமல் நின்றிருந்தாள். அண்ணன் வாங்கிவந்த ரொட்டியைப் பிரித்து அங்கேயே நின்று தின்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் வார்டுக்கு வந்தாள், ஊட்டினாள், முகம் துடைத்தாள், ஆனால் பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"லோரி டயர்ல காத்துக் கம்மின்னா போர்ட் கிள்ளான் முழுக்கச் சொல்வீங்க. ஒரு நாள் பூராவும் ஒண்ணுக்குப் போவல, பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டயா?"

கிண்ணத்தைக் கழுவப் போனவள் வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினாள், கண் சிவந்திருந்தது. அன்றிலிருந்து நர்ஸ் வந்து பையை அளந்து எழுதும்போது அய்யாவு ராஜம்மாவிடமும் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் அது சங்கடமாக இருந்தது, பிறகு வழக்கமாகிவிட்டது.

மூன்று வாரம் டியூப் இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்து, வராமல், திரும்பப் போட்டார்கள். மூன்றாவது தடவை எடுத்த அன்று, குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கால்மணி நேரம் நின்றார், கடைசியில் வந்தது. வெளியே வந்து ராஜம்மாவிடம் தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவருக்கும் விஷயம் தெரியும். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நேசம்மா ஒருநாள் பார்க்க வந்தார். தன் பழைய வார்டின் படுக்கைகளை எண்ணிப் பார்த்து, எட்டுக் கட்டில் கூடப் போட்டுவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நன்றி சொல்ல ராஜம்மா கையைப் பிடித்தபோது, "வீட்டை போனாப் பிறகும் குனிஞ்சு பாரம் தூக்க விடாதேங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உட்காரும் இடத்தில் மரமரப்பு நாலைந்து மாதத்தில் பெரும்பாலும் விலகிவிட்டது. இடது பாதம் மட்டும் வரவில்லை. நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டும். தடுக்காமல் இருக்க முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைக்க வேண்டும். கிள்ளான் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிப் பிரிவில், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்று செய்து கொடுத்தார்கள். காலுறைக்குள் அதை வைத்து, ஒரு அளவு பெரிய சப்பாத்துப் போட்டால் ஓரளவு நேராக நடக்கலாம். தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவின் மருத்துவக் குழு கூப்பிட்டுப் பார்த்தது. கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதியது. தவ்கே அவரைக் கம்பெனி யார்டில், லோரிகளை ஆள் பார்த்து அனுப்பும் வேலையில் வைத்துக்கொண்டார். யார் எந்த வழியில் போனால் எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இன்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடும். முதல் சில மாதம் அது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

கன்வாஸ் இழுத்த நாளிலிருந்து ஒரு வருடம் கழித்து டாக்டர் ஹாலிம் அவரைத் திரும்பப் பார்த்தார். ராஜம்மாவும் கூட வந்திருந்தாள். பாதம் இனித் தானாக வருவது சந்தேகம் என்றார். ஒரு வழி இருக்கிறது. காலில் நல்ல நிலையில் இருக்கிற ஒரு தசைநாரை எடுத்து, பாதத்தைத் தூக்கும்படி வேறு இடத்தில் மாற்றிக் கட்டலாம்.

அய்யாவு கேள்விகளைத் தாளில் எழுதியே சட்டைப்பையில் வைத்திருந்தார். எத்தனை நாள் கட்டுப் போட வேண்டும்? ஆறு வாரம், அப்புறம் பயிற்சி. மொத்தத்தில் மூன்று நாலு மாதம். திரும்ப லோரி ஓட்டலாமா? முடியாது, காலும் இடம் கொடுக்காது, முதுகும் இடம் கொடுக்காது. இப்போது வேண்டாமென்றால், பிற்பாடு செய்யலாமா? செய்யலாம், மூட்டு இறுகிவிடாமல் தினமும் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டும்.

"யோசிச்சு சொல்றோம் டாக்டர். இப்பவே, ஒரு அரைமணி நேரத்துல," என்றார் அய்யாவு. டாக்டர் சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கேண்டீனில் இரண்டு கப் தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நீ என்னா நெனைக்கிற?"

"நான் செய்யலாம்னு நெனைக்கிறேன்," என்றாள் ராஜம்மா. "அந்தத் தகடு இல்லாம வீட்டுக்குள்ள நடக்கறப்போ ரெண்டு தடவை விழுந்துட்டீங்க. ஆனா கால் உங்களோடது."

"லோரி கெடைக்கும்னா கண்ணை மூடிக்கிட்டு செஞ்சுக்குவேன். அது இல்லன்னு சொல்றாரு. ரெண்டு தடவை விழுந்ததுக்காக நாலு மாசம் திரும்பப் படுக்கணுமா?"

"படுக்கிறது உங்களுக்கு ஆகாதுதான்."

"ஒரு வருஷம் பாப்போம். வீட்டுக்குள்ளயும் தகடு போட்டுக்கிறேன். மூணாவது தடவை விழுந்தா செஞ்சுக்கலாம்."

ராஜம்மா தேநீரை ஆற்றிக் குடித்தாள். "விழுந்தா சொல்லணும்."

"சொல்றேன்."

"யார்டுல விழுந்தாலும்."

"சொல்றேன்னு சொல்றேன்லா."

அவர்கள் திரும்பப் போய்ச் சொன்ன முடிவை டாக்டர் ஹாலிம் கேட்டுத் தலையாட்டி, பைலில் இரண்டு வரி எழுதி, அடுத்த பிப்ரவரிக்குத் தேதி போட்டார். ராஜம்மா கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மூன்று மணி ஷிப்ட். கிள்ளான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் முன்னால் வேகமாக நடக்க, அய்யாவு முழங்காலை உயர்த்தி வைத்து, தன் வேகத்தில் பின்னால் போனார்.